பிக்கப் வண்டியின் முன் பம்பரைக் கழற்றும்போது ஏர்பேக் சென்சாரைப் பாதுகாப்பது எப்படி: தோட்டப்புறப் பட்டறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு முன் பம்பர் அடிபடுவது புதிய செய்தியல்ல. விடியுமுன் தோட்டத்துக்குள் நுழையும் வண்டியின் குறுக்கே மாடு வந்து நிற்கும், காட்டுப்பன்றி பாயும், மழை பெய்து ஊறிய செம்மண்ணில் சறுக்கி வடிகால் பாலத்தின் கட்டையில் வண்டியின் மூக்கு இடிக்கும். ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், நவாரா, ரேஞ்சர் என்று எந்த வண்டியாக இருந்தாலும், "பம்பரை மட்டும் கழற்றி நேராக்கிக் கொடுத்துருங்கண்ணே, சாயங்காலம் உரம் ஏத்தணும்" என்றுதான் அதன் உரிமையாளர் பட்டறைக்காரரிடம் சொல்வார். கழற்றுவதும் பெரிய வேலையில்லை. சில போல்ட்டுகள், ஒரு வரிசை பிளாஸ்டிக் கிளிப்புகள், இரண்டு பேர் பிடித்தால் பம்பர் கையோடு வந்துவிடும். ஆனால் அந்தப் பம்பருக்குப் பின்னால், தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டி, பெரும்பாலும் மஞ்சள் பிளக்கோடு, சட்டத்தில் திருகப்பட்டிருக்கும். வண்டி மோதும்போது ஏர்பேக் விரிவதா வேண்டாமா என்ற முடிவில் அந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு.

ஏர்பேக் என்றாலே பட்டறைகளில் இரண்டு வகை மனநிலையைக் காணலாம். சிலர் அதை வெடிகுண்டாகவே எண்ணிப் பக்கத்தில் போகவே தயங்குகிறார்கள். சிலர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. என் கருத்தில் இருவருமே கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பேட்டரியை முறைப்படி துண்டித்துவிட்டு வேலை செய்தால், பம்பரைக் கழற்றும்போது ஏர்பேக் வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வேலை முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, சென்சார் கோணலாகவோ, பிளக் பாதி மாட்டியோ, தாங்கு பிராக்கெட் வளைந்தோ இருந்தால், உண்மையான விபத்து நடக்கும் நாளில் ஏர்பேக் விரியாமல் போகும் ஆபத்துதான் பெரியது. ஆகவே இந்த வழிகாட்டியில் கழற்றுவதைவிடத் திரும்ப மாட்டுவதற்கும் சோதிப்பதற்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சிறு பெட்டியின் வேலை

முன்பக்க மோதல் சென்சார் பெரும்பாலான பிக்கப்களில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலோ, சேசி எனப்படும் அடிச்சட்டத்தின் இரு நீண்ட கால்களின் முன்முனையிலோ இருக்கும். சில வண்டிகளில் நடுவில் ஒன்று, சிலவற்றில் இடமும் வலமுமாக இரண்டு. இது தவிர, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே, கியர் கம்பிக்கு அருகிலுள்ள தரைப்பகுதியில், ஏர்பேக் கணினி பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கணினிக்குள்ளும் தனியாக ஒரு வேகமாற்றச் சென்சார் உண்டு. முன்சென்சார் தரும் செய்தியையும் தன்னுடைய அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கணினி முடிவெடுக்கிறது. சாவி அணைந்திருக்கும் வண்டியின் பம்பரைத் தட்டியதால் மட்டும் ஏர்பேக் விரிந்துவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம் என்று யாரும் இதைப் பொருள்கொள்ளக் கூடாது.

ஏர்பேக் விரிய எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இருக்கை வார் போடாதவருக்கு, அசையாத சுவரில் மணிக்குச் சுமார் 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்கு ஈடான அதிர்ச்சியிலும், வார் போட்டவருக்குச் சுமார் 26 கிலோமீட்டருக்கு ஈடான அதிர்ச்சியிலும் முன் ஏர்பேக் விரியும்படி பல வண்டிகள் வடிவமைக்கப்படுகின்றன. இவ்வளவு நுணுக்கமான எல்லையை ஒரு சென்சார் சரியாக அறிய வேண்டுமானால், அது உட்கார்ந்திருக்கும் உலோகத் தகடு தொழிற்சாலையில் இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில், அதே இறுக்கத்தில் இருக்க வேண்டும். பிராக்கெட் சற்று வளைந்திருந்தாலோ, போல்ட் தளர்ந்திருந்தாலோ, நடுவில் ரப்பர் வாஷர் வைத்திருந்தாலோ, மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குச் சேரும் வேகமும் அளவும் மாறிவிடும். இருக்கை வாரை இழுத்துப் பிடிக்கும் பொறிக்குள்ளும் வெடிமருந்து இருக்கிறது. அதற்கும் இதே கணினிதான் கட்டளையிடுகிறது. ஆகவே சென்சார் கெட்டால் பாதிப்பு ஏர்பேக்கோடு நிற்காது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

வண்டி பட்டறைக்குள் வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது டாஷ்போர்டு. சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ, மினுக்கினாலோ, தொடக்கத்தில் எரியவே இல்லை என்றாலோ, அந்த அமைப்பில் ஏற்கெனவே பழுது இருக்கிறது என்று பொருள். விளக்கே எரியாத வண்டியைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். பல்பு தற்செயலாகக் கெட்டிருக்கலாம். முன்பு யாரோ பல்பைப் பிடுங்கியோ, அந்த வயரை வேறொரு விளக்கோடு இணைத்தோ பழுதை மறைத்திருக்கவும் கூடும். இந்த நிலையை உரிமையாளர் முன்னிலையிலேயே காட்டி, வேலைச் சீட்டில் எழுதி, விளக்கைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் வரக்கூடிய சச்சரவைத் தவிர்க்கும். அதைவிட முக்கியமாக, உரிமையாளர் தம் வண்டியின் உண்மை நிலையை அப்போதுதான் அறிந்துகொள்வார்.

ஸ்கேனர் இருந்தால் இப்போதே ஏர்பேக் பகுதியின் பழுதுக் குறிகளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் குறிகள் பெரும்பாலும் B என்ற எழுத்தில் தொடங்கும். எஞ்சின் பழுதை மட்டும் படிக்கும் மலிவுக் கருவிகள் பல ஏர்பேக் கணினியோடு பேசவே பேசா. அந்தக் கருவி 'பழுது இல்லை' என்று காட்டினால் அதை நம்பிவிடக் கூடாது.

அந்த மாடலுக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டைப் பெற்று, சென்சார் எங்கே இருக்கிறது, அதன் போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம், பேட்டரியைத் துண்டித்த பின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் தேடி எடுத்துவிடுங்கள். கையேடு கைவசம் இல்லையென்றால் ஈப்போவிலுள்ள விற்பனை முகவரின் சர்வீஸ் பகுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மின்சாரத்தைத் துண்டிப்பது

இந்த வேலையில் அவசரப்படவே கூடாத இடம் இதுதான். சாவியை அணைத்து வெளியே எடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தி ஓட்டும் வண்டியானால், சாவியை வண்டிக்கு எட்டாத தூரத்தில், பட்டறை அலுவலறையில் வைத்துவிடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, அது துள்ளி மறுபடி பேட்டரியைத் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சிறு மின்னளவுக் கருவி ஒட்டியிருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் அது உடைந்துவிடும்.

துண்டித்தவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது. விபத்தில் பேட்டரி நொறுங்கிப் போனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, ஏர்பேக் கணினி தனக்குள்ளேயே மின்தேக்கிகளில் சிறிது மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அது வடிய நேரம் வேண்டும். மிட்சுபிஷி கையேடுகள் 60 விநாடி என்றும், டொயோட்டா கையேடுகள் பல 90 விநாடி என்றும், நிசான் கையேடுகள் குறைந்தது 3 நிமிடம் என்றும் சொல்கின்றன. கையேட்டைப் பார்க்க வழியில்லாத வண்டிக்கு நான் 10 நிமிடம் காத்திருக்கச் சொல்வேன். அந்த நேரத்தில் பம்பரின் அடிப்பக்கச் சேற்றைக் கையால் துடைத்து, போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் நேரம் வீணாகாது.

தோட்டத்து வண்டிகளில் கவனிக்க வேண்டிய இரண்டு கண்ணிகள் இங்கே இருக்கின்றன. முதலாவது, இரண்டாம் பேட்டரி. வின்ச்சுக்காகவும் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் பொறி) கூரை விளக்குகளுக்காகவும் எஞ்சின் அறையிலோ பின்தட்டிலோ கூடுதலாக ஒரு பேட்டரி வைத்திருப்பார்கள். முதன்மைப் பேட்டரியை மட்டும் துண்டித்துவிட்டு இதை மறந்தால், இணைப்பு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வண்டியின் மின்கம்பிகளில் 12 வோல்ட் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கலாம். ஆகவே இரண்டின் நெகட்டிவ் முனைகளையும் கழற்றிய பிறகு, கதவைத் திறந்து உள்விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது, ரேடியோ நினைவு அழியாமலிருக்கச் சிகரெட் லைட்டர் துளையிலோ ஸ்கேனர் துளையிலோ செருகும் சிறு பேட்டரிக் கருவி. ரேடியோவுக்கு நல்லது செய்யும் அதே கருவி ஏர்பேக் கணினியையும் விழித்திருக்கச் செய்யும். இந்த வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம். ரேடியோ நிலையங்களை மறுபடி தேடி வைக்க ஐந்து நிமிடம் போதும்.

பம்பரைக் கழற்றுதல்

மாடலுக்கு மாடல் போல்ட்டுகளின் இடம் மாறும். பொதுவாகக் கிரில்லின் மேல் கிளிப்புகள், இரு சக்கர வளைவுகளுக்குள் இருக்கும் திருகுகள், அடித்தட்டின் போல்ட்டுகள், கடைசியாக ஹெட்லைட்டுக்குக் கீழே பக்கவாட்டில் கொக்கிபோல் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கிகள் என்ற வரிசையில் கழற்றலாம். உலோகப் பம்பர் வைத்த வேலை வண்டியானால், அடியில் ஜாக்கோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகே கடைசி போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். அது சரிந்து விழுந்தால் நேராகச் சென்சார் இருக்கும் சட்டத்தின்மீதுதான் விழும்.

ஏர் கன் (காற்றழுத்தத்தால் போல்ட்டைச் சுழற்றும் கருவி) பயன்படுத்துவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது சேசியின் முன்முனையில் ஏர் கன்னை வைத்து அடிக்கவே கூடாது. துண்டித்த பிறகும், சென்சார் பிராக்கெட்டுக்கு அருகிலுள்ள போல்ட்டுகளைக் கையாலேயே கழற்றுவது நல்லது. துரு ஏறி இறுகிய போல்ட்டை ஏர் கன் விடாமல் உலுக்கும்போது, பக்கத்திலுள்ள மெல்லிய தகடு அந்த அதிர்ச்சியை முழுதாக வாங்கிக்கொள்கிறது.

பம்பர் சட்டத்திலிருந்து விடுபட்டவுடன் ஒரே மூச்சில் இழுத்துவிடாதீர்கள். ஒரு சாண் அளவுக்கு மட்டும் முன்னால் நகர்த்தி, டார்ச் விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். ஃபாக் லைட்டின் பிளக், பார்க்கிங் சென்சார்களின் வயர், வெளிவெப்பத்தை அளக்கும் இரண்டு வயர்ச் சிறு சென்சார், சில வண்டிகளில் ராடார் ஆகியவை பம்பரோடு சேர்ந்து வரும். அவற்றின் பிளக்குகள் பெரும்பாலும் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். மஞ்சள் நிறப் பிளக்கோ, மஞ்சள் உறை போர்த்திய வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தது. நிசான் வண்டிகளில் அது ஆரஞ்சு நிறத்திலும் இருக்கலாம். பழைய தோட்டத்து வண்டிகளில் சேறும் வெயிலும் சேர்ந்து மஞ்சளைப் பழுப்பாக்கியிருக்கும். ஆகவே ஈரத்துணியால் துடைத்த பிறகே நிறத்தை முடிவுசெய்யுங்கள். இணைப்பு ஒவ்வொன்றையும் பிரிப்பதற்கு முன் படமெடுத்துக்கொண்டால், எந்த வயர் எந்தச் சட்டத்துக்கு மேலாகப் போனது என்று மாட்டும்போது தடுமாற வேண்டியதில்லை.

பம்பரை மட்டும் கழற்றும் வேலையில் சென்சாரைப் பெரும்பாலும் தொடவே வேண்டியதில்லை. அது சட்டத்தோடு அப்படியே இருக்கட்டும். தண்ணீர் படாமலும் கருவிகள் மோதாமலும் இருக்க அதன்மீது ஒரு துணியை மடித்துக் கட்டிவிடுங்கள். சட்டத்தில் அப்பிய சேற்றை உயர் அழுத்தத் தண்ணீரால் அடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக உண்டு. பிளக்கின் ரப்பர் விளிம்பு அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. முன்சட்டத்தை வாளித் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவுங்கள்.

சென்சாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

ரேடியேட்டர்ச் சட்டமே வளைந்திருந்தால் சென்சாரைக் கழற்றாமல் வேலை நடக்காது. முதலில் பிளக். பல வண்டிகளில் மஞ்சள் பிளக்குக்கு இரட்டைப் பூட்டு இருக்கும்: வெளியே ஒரு சிறு நாக்கு; அதை நகத்தாலோ மெல்லிய பிளாஸ்டிக் துண்டாலோ மெதுவாக நகர்த்திய பிறகுதான் முக்கியப் பூட்டு அழுந்தும். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள். பிரித்தவுடன் உள்ளே பாருங்கள். உரமூட்டை ஏற்றும் வண்டிகளில், குறிப்பாகப் பொட்டாசியம் குளோரைடு உரம் சிந்திய வண்டிகளில், முனைகளின் அடியில் பச்சை நிறப் பூச்சு படிந்திருக்கும். குளோரைடு செம்பை அரித்ததன் அடையாளம் அது. லேசாகச் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டினால் அன்றைக்கு விளக்கு அணையலாம். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி எரியும். அந்த முனைக்கு அந்த மாடலின் கையேடு சொல்லும் பழுதுபார்ப்பு முறையைப் பின்பற்றுங்கள், அல்லது புதிய வயர் தொகுதியை மாற்றுங்கள். ஏர்பேக் வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

மல்டிமீட்டரைப் பற்றியும் டெஸ்ட் லேம்ப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏர்பேக்கின் உள்ளே இருக்கும் தீப்பொறித் துண்டின் மின்தடை சுமார் 2 ஓம்தான், 1.2 ஆம்பியர் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகப் பாய்ந்தாலே அது பற்றிக்கொள்ளும்படி பெரும்பாலும் செய்யப்படுகிறது. 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் அதற்கு மேலேயே மின்சாரத்தை இழுக்கும். முன்சென்சாரின் வயர் கணினிக்குத்தான் போகிறது, நேராக ஏர்பேக்குக்குப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வயரில் 12 வோல்ட்டைத் தவறாகச் செலுத்தினால் கணினி கெட்டுப்போகும், மஞ்சள் வயர்களில் எது எங்கே போகிறது என்று வெறும் கண்ணால் சொல்லிவிடவும் முடியாது. ஆகவே மஞ்சள் பிளக் எதிலும் டெஸ்ட் லேம்ப்பையோ மல்டிமீட்டரின் முனையையோ வைக்காதீர்கள். பழுதைத் தேடும் வேலை ஸ்கேனருக்குரியது.

கழற்றிய சென்சாரைக் கருவிப்பெட்டியில் போடாமல், பஞ்சோ துணியோ விரித்த தனிப் பெட்டியில் வைத்து, இடதா வலதா என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். சென்சார் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அசையும் பாகம். அதற்கு என்ன ஆயிற்று என்று பட்டறையில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

தட்டுதல், வெல்டிங், பெயிண்ட்

வளைந்த சட்டத்தைத் தட்டி நேராக்கும்போது சென்சார் அதில் இருக்கவே கூடாது. வெல்டிங் செய்வதானால் பேட்டரி துண்டித்தே இருக்க வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். முன்பகுதிக் கணினிகளின் பிளக்குகளையும் கையேடு சொல்கிறபடி கழற்றி வைக்க வேண்டும். பெயிண்ட் உலர்த்தும் சூட்டறைக்குள் வண்டியை முழுதாக ஏற்றும் பட்டறைகள், ஏர்பேக் பாகங்கள் 93 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்கு உள்ளாகக் கூடாது என்று மிட்சுபிஷி கையேடுகள் எச்சரிப்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் நேரானதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்யாதீர்கள். சென்சார் பிராக்கெட்டின் போல்ட் துளையிலிருந்து சேசியில் இருபுறமும் பொதுவாக உள்ள ஓர் இடத்துக்கு அளவெடுத்து, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். நீண்ட அளவுகோலைப் பிராக்கெட்டின் முகத்தில் வைத்து, அது சேசியோடு ஒரே கோணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராக்கெட் முறுக்கியிருந்தால் அதை நெளித்துச் சரிசெய்வதைவிடப் புதிதாக வாங்கிவிடுவதே மேல். சென்சாரோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது. சென்சார் உட்காரும் முகத்தில் புட்டியோ தடித்த பெயிண்டோ பூசாதீர்கள்.

காப்பீட்டில் செய்யும் வேலையானால், இழப்பை மதிப்பிட வருபவர் பெரும்பாலும் வெளியே தெரியும் பம்பரையும் ஹெட்லைட்டையும்தான் படமெடுப்பார். பிராக்கெட்டும் சென்சாரும் அடிபட்டிருந்தால் அவர் வரும் நாளிலேயே பம்பரை விலக்கிக் காட்டிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஹாஃப் கட் கடைச் சென்சார்

பழைய உதிரிபாகங்களை வாங்கிப் பயன்படுத்துவது நம் ஊரில் வாழ்க்கையின் ஒரு பகுதி. கதவோ ஹெட்லைட்டோ ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) வாங்கினால் ஒருவரும் குறைசொல்லப் போவதில்லை. ஏர்பேக் சென்சாரையும் கணினியையும் மட்டும் அங்கே வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். பாதியாக வெட்டப்பட்ட அந்த வண்டி எதனால் வெட்டப்பட்டது, அந்தச் சென்சார் எத்தனை முறை கீழே விழுந்தது, எத்தனை நாள் மழையில் கிடந்தது என்பதை விற்பவரும் அறியார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சென்சார்களின் பாக எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும், உள்ளே அவற்றின் அளவெல்லை வேறாக இருக்கலாம். வேறு நாட்டுக்காகச் செய்த வண்டியின் சென்சார் நம் வண்டியின் கணினியோடு சரியாகப் பேசாமலும் போகலாம்.

முன் ஏர்பேக் ஒருமுறை விரிந்த வண்டியில் பம்பரை மாற்றியதோடு வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. முன்சென்சார்கள், கணினி, வார் இழுக்கும் பொறி, ஸ்டியரிங்கின் உட்சுருள் வயர் ஆகியவற்றில் எவை கட்டாயம் மாற்றப்பட வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்தின் கையேடும் பட்டியலிட்டிருக்கும். விரிந்த ஏர்பேக்குக்குப் பதிலாக ஒரு மின்தடையை வைத்து விளக்கை அணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் உட்காரும் ஒருவர், ஸ்டியரிங்குக்குள் பை இருப்பதாக நம்பிக்கொண்டே வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருவார். இதைச் செய்யும்படி யார் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும்.

புல் பாரும் வின்ச்சும்

தொழிற்சாலைப் பம்பருக்குப் பதில் இரும்புப் புல் பார் (bull bar, வண்டியின் மூக்கைக் காக்கும் கம்பிச் சட்டம்) மாட்டக் கேட்பவர்கள் தோட்டப்பகுதியில் ஏராளம். பம்பரும் அதன் பின்னாலுள்ள சட்டமும் நசுங்கும் விதத்தை அளந்துதான் சென்சாரின் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. நசுங்காத கனத்த இரும்பைச் சேசியோடு நேரடியாக இணைத்தால், அந்தக் கணக்கு தவறிப் போகும். சிறிய இடிக்கே ஏர்பேக் விரியலாம், பெரிய இடியில் தாமதமாக விரியலாம். ஏர்பேக் வண்டிகளுக்கென்றே அந்த மாடலில் சோதித்துச் செய்யப்பட்ட புல் பாரை மட்டும் மாட்டுங்கள். அதற்கும் முன்பாகச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனுமதி நிலையைக் கேட்டுவிடுங்கள். வின்ச்சின் கனத்த மின்கம்பியைச் சென்சார் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. சென்சார் பிராக்கெட்டின் போல்ட்டை ஹாரனுக்கோ கூடுதல் விளக்குக்கோ எர்த் முனையாகப் பயன்படுத்தவும் கூடாது. இந்தத் தவறு பல வண்டிகளில் கண்ணில் படுகிறது.

திரும்ப மாட்டுதல்

சென்சாரின் மேல் முகத்தில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும் வண்டிகள் உண்டு. அந்த அம்பு பொதுவாக வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கழற்றும்போது எடுத்த படத்தோடும் கையேட்டோடும் ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். பிராக்கெட்டின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, சென்சாரின் சிறு நிலைப்புக் குமிழ் அதற்குரிய துளையில் உட்கார்ந்த பிறகு, போல்ட்டைக் கையால் தொடங்கி, டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சில கையேடுகள் இந்தப் போல்ட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று சொல்லும். அவ்வாறிருந்தால் புதிய போல்ட்டையே போடுங்கள். ஏர் கன்னுக்கு இங்கே இடமே இல்லை.

பிளக்கை அழுத்தும்போது 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகே இரண்டாம் பூட்டைத் தள்ள வேண்டும். பாதி மாட்டிய பிளக்கில் இரண்டாம் பூட்டு எளிதில் நகராது. அதை வலிந்து தள்ளாமல் பிளக்கை வெளியே எடுத்து முனைகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாட்டிய பிறகு பிளக்கின் உடலை மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வயர் தன் பழைய கிளிப்பில் உட்கார வேண்டும். பம்பரின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கினால், செம்மண் பாதையின் குலுக்கலில் சில மாதங்களிலேயே அதன் உறை தேய்ந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகே பம்பரை ஏற்றி, ஃபாக் லைட், பார்க்கிங் சென்சார், வெப்பச் சென்சார் பிளக்குகளை மாட்டி, போல்ட்டுகளை இறுக்குங்கள். ராடார் உள்ள வண்டியானால் பம்பரை மாட்டியபின் அதை மறுபடி அளவுபடுத்த வேண்டியிருக்கும். அது முகவரிடம் செய்ய வேண்டிய வேலை.

மின்சாரம் கொடுத்துச் சோதித்தல்

எல்லாப் பிளக்குகளும் மாட்டிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை "எஞ்சின் ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகினால், மாட்டாத சென்சாருக்கான பழுதுக் குறி கணினியில் பதிந்துவிடும். சில வண்டிகளில் பிளக்கை மாட்டிய பிறகும் ஸ்கேனரால் அழித்தால்தான் விளக்கு அணையும்.

இணைக்கும்போது சாவி ஆஃப் நிலையில் இருக்கட்டும். வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. டாஷ்போர்டின் மேலோ ஸ்டியரிங்கின் முன்னாலோ கருவிகள் கிடக்கக் கூடாது. நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்டுங்கள். பிறகு ஓட்டுநர் கதவுக்கு வெளியே நின்று, முகமும் மார்பும் ஸ்டியரிங்குக்கு நேராக வராதபடி பக்கவாட்டிலிருந்து கையை நீட்டிச் சாவியை ஆன் செய்யுங்கள். விளக்கு எரிந்து, அணைந்து, அப்படியே அணைந்திருக்க வேண்டும். ஸ்கேனரால் முழு அமைப்பையும் ஒருமுறை படித்து, வேலைக்கு முன் குறித்து வைத்த குறிகளோடு ஒப்பிடுங்கள். பழைய குறிகளை அழித்த பிறகு ஒரு குறி மறுபடி வந்தால், பழுது இன்னும் இருக்கிறது. அழித்துக்கொண்டே இருப்பதால் அது போகாது.

கடைசியாக வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். தார்ச் சாலையில் ஓடும்போது ஒழுங்காக இருக்கும் தளர்ந்த இணைப்பு, தோட்டத்துப் பாதையின் குழிகளில்தான் தன்னைக் காட்டும். ஆகவே செம்மண் பாதையில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, விளக்கு எரிந்ததா என்று பார்த்து, ஸ்கேனரில் மறுபடி ஒருமுறை படியுங்கள். விளக்கு எரிந்தால் வண்டியைக் கொடுக்காமல் பட்டறைக்கே கொண்டுவந்து, பேட்டரியைத் துண்டித்து, காத்திருந்து, சென்சார் பிளக்கிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். உரிமையாளர் அவசரப்பட்டு அன்றே எடுத்துப் போக விரும்பினால், முன் ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம் என்பதை அவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், வேலைச் சீட்டில் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளை அந்த வண்டியை ஓட்டப்போவது பெரும்பாலும் அவரில்லை, தோட்டத்தின் ஓட்டுநர். ஆகவே அதே வரியைத் தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு அருகில் ஒட்டிவிடுங்கள்.